39 பேரில் 21 பேர்: லிங்கனின் கூப்பர் யூனியன் கணக்கு நிற்குமா?

தென்கரை:
1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க் கூப்பர் யூனியனில் லிங்கன் ஆற்றிய உரையின் முற்பகுதி முழுக்க ஒரே ஒரு கணக்கு. முந்தைய செப்டம்பரில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பேசிய அவரது அரசியல் எதிராளி செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ், இந்த அரசை அமைத்த முன்னோர் இந்தப் பிரச்சினையை நம் அளவுக்கு, ஏன் நம்மைவிட நன்றாகவே, புரிந்துவைத்திருந்தார்கள் என்று ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டார். லிங்கன் அதை மறுக்கவில்லை. அப்படியே ஒப்புக்கொண்டு, அந்த முன்னோர் யார், அவர்கள் என்ன புரிந்துவைத்திருந்தார்கள் என்று ஏட்டைப் புரட்டப் போய்விட்டார்.

கேள்வி ஒன்றுதான். இன்னும் மாநிலமாகாத கூட்டாட்சிப் பிரதேசங்களில் அடிமைமுறையைக் கட்டுப்படுத்துவதிலிருந்து மத்திய அரசை அரசியல் சாசனம் தடுக்கிறதா? 1787-ல் சாசனத்தில் கையெழுத்திட்ட 39 பேரில் 21 பேர் "தடுக்கவில்லை" என்ற பக்கம் என்கிறார் லிங்கன். இந்த 21 எப்படி வந்தது, அது நிற்குமா? சாசன காலத்துச் சிந்தனையில் வேறு எதையெல்லாம் அவர் எடுத்தாண்டார் என்பதையும் பேசலாம்.

முன்கூட்டியே ஒரு வேண்டுகோள்: மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதியதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் கடிதத்தை யாரும் இங்கே ஒட்ட வேண்டாம். அது அவர் எழுதியதே இல்லை.

கணக்கப்பிள்ளை:
ஆண்டுவாரியாகப் போனால் எளிது.

1784. மேற்குப் பிரதேசங்களில் 1800-க்குப் பிறகு அடிமைமுறை கூடாது என்ற ஜெஃபர்சனின் வாசகம் அப்போதைய காங்கிரசில் வாக்குக்கு வந்தது. பின்னாளில் சாசனத்தில் கையெழுத்திட்டவர்களில் 4 பேர் அங்கே இருந்தார்கள். ஷெர்மன், மிஃப்லின், வில்லியம்சன் ஆதரவு, மெக்ஹென்றி எதிர்ப்பு. (7 மாநிலம் தேவை, 6 தான் கிடைத்தது. நியூஜெர்சிக்காரர்களில் ஒருவர் உடம்பு சரியில்லாமல் வராததால் அந்த மாநில வாக்கு செல்லாமல் போய் வாசகமே விழுந்தது.)

1787. வடமேற்குப் பிரதேசச் சட்டம். ஒஹையோ ஆற்றுக்கு வடமேற்கே அடிமைமுறையைத் தடைசெய்தது. பிளவுன்ட், ஃபியூ இருவரும் ஆதரவு. ஆக 2.

1789. சாசனப்படி கூடிய முதல் காங்கிரஸ் அதே சட்டத்தை மீண்டும் உறுதிசெய்தது. அந்தக் காங்கிரசில் 39 பேரில் 16 பேர். ஜனாதிபதியாகக் கையெழுத்துப் போட்ட வாஷிங்டனையும் சேர்த்து 17.

1798. மிசிசிப்பிப் பிரதேசத்துக்கு வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை. லாங்டன், ரீட், பால்ட்வின். 3.

1804. லூசியானாப் பிரதேசத்துக்கு அடிமைகளைக் கொண்டுவரக் கட்டுப்பாடு. பால்ட்வின், டேட்டன். 2.

1819-20. மிசௌரியில் அடிமைமுறையைத் தடுப்பதா என்ற தகராறு. ரூஃபஸ் கிங் தடைக்கு ஆதரவு, சார்லஸ் பிங்க்னி எதிர்ப்பு. 2.

கூட்டினால் 30. ஆனால் லாங்டன், ஷெர்மன், ஃபியூ, கிங், ரீட் ஐவரும் இரண்டு தடவை வருகிறார்கள். பால்ட்வின் மூன்று தடவை. 5-ம் 2-ம் 7. அதைக் கழித்தால் 23 ஆட்கள். அதில் மெக்ஹென்றி, பிங்க்னி இருவரையும் எதிர்ப்பக்கம் தள்ளினால் 21. பாதிக்கு மேல். இரட்டை எண்ணிக்கையை லிங்கனே மேடையில் பெயர் சொல்லிக் கழித்துக் காட்டினார். எதிராளி கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைக்கவில்லை.

மீதி 16 பேர் பற்றி நேரடிப் பதிவு இல்லை. ஃபிராங்க்ளின், ஹாமில்டன், கவர்னர் மாரிஸ் (இங்கே கவர்னர் என்பது பெயர், பதவி அல்ல) போன்ற அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் அதில்தான் இருக்கிறார்கள் என்றும், மறுபக்கம் சொல்ல சவுத் கரோலினாவின் ரட்லெட்ஜ் ஒருவர்தான் தேறுவார் என்றும் சொல்லிவிட்டு, அவர்களைத் தன் கணக்கில் சேர்க்காமலே விட்டார்.

சட்டப்புழு:
கணக்கைவிட அதற்குக் கீழே இருக்கும் தர்க்கம்தான் எனக்குப் பெரிது. ஆதரவு வாக்கையும் எதிர்ப்பு வாக்கையும் லிங்கன் ஒரே தராசில் வைக்கவில்லை.

சாசனத்தைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்த ஒருவர் தடைக்கு ஆதரவாக வாக்களித்தால், சாசனம் அதைத் தடுக்கவில்லை என்று அவர் கருதினார் என்றே ஆகும். இல்லாவிட்டால் உறுதிமொழியை மீறியவர் ஆகிவிடுவார். எதிர்த்து வாக்களித்தவர் விஷயம் வேறு. அதிகாரம் உண்டு, ஆனால் இப்போது இது உசிதமில்லை என்று நினைத்தும் எதிர்த்திருக்கலாம். ஆகவே ஆதரவு வாக்கு அதிகாரத்துக்குச் சாட்சி. எதிர்ப்பு வாக்கு எதற்கும் உறுதியான சாட்சி இல்லை.

இதனால் ஒரு வேடிக்கை. அந்த 21 பேரில் சவுத் கரோலினாவின் பியர்ஸ் பட்லரும் உண்டு. தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற விதியைச் சாசன மாநாட்டில் முன்வைத்த அதே ஆள். லிங்கனுக்கு அது இடைஞ்சலே இல்லை. முன்னோர் நல்லவர்கள் என்று நிரூபிக்க அவர் வரவில்லை, அதிகாரம் இருந்தது என்று நிரூபிக்க வந்தார். அதற்கு பட்லர் மாதிரி ஆள் கிடைத்தால் இன்னும் நல்ல சாட்சி.

முரண்:
நல்ல சாட்சிதான், பட்லர் வாக்களித்தார் என்று காட்ட முடிந்தால். 1789-ல் பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கவில்லை. எதிர்ப்புப் பதிவாகாமல் நிறைவேறியதை ஒருமனதுக்குச் சமம் என்று லிங்கன் எடுத்துக்கொண்டார். 17-ல் 16 அப்படி வந்தது.

அதைவிடப் பெரிய ஓட்டை இது. 1784, 1787 வாக்குகள் சாசனம் கையெழுத்தாவதற்கு முந்தியவை. இல்லாத சாசனத்தின் பெயரில் எவரும் உறுதிமொழி எடுத்திருக்க முடியாது. அப்படியானால் சட்டப்புழு சொன்ன தர்க்கம் அங்கே ஓடாது. முந்தைய வாக்கை மட்டும் வைத்து உள்ளே வந்தவர்களை எடுத்துவிடுங்கள்: மிஃப்லின், வில்லியம்சன், பிளவுன்ட். (ஷெர்மனும் ஃபியூவும் 1789-லும் இருப்பதால் தப்பிவிடுவார்கள்.) 21-ல் 3 போனால் 18. 39-ல் பெரும்பான்மைக்கு 20 வேண்டும். லிங்கனின் பெரும்பான்மையே காணாமல் போகிறது.

பிளவுன்டைப் பற்றி இன்னொன்று. 1790-ல் தென்மேற்குப் பிரதேசம் அமைந்தபோது அங்கே அடிமைத் தடையை மட்டும் விலக்கித்தான் காங்கிரஸ் சட்டம் போட்டது. அதன் ஆளுநர் யார்? இதே பிளவுன்ட்.

கணக்கப்பிள்ளை:
முரண் அண்ணே, 18 சரி. நானும் கழித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் மெக்ஹென்றியின் எதிர்ப்பும் 1784-தான்; அதே கத்தரியால் அவரையும் வெட்ட வேண்டும். அப்போது சாசனத்துக்குப் பிறகு பதிவு உள்ளவர்கள் 19 பேர். 18-க்கு 1. "பெரும்பான்மை" என்ற சொல் போகிறது, வாதம் போகவில்லை.

தென்மேற்குப் பிரதேசத்தை லிங்கன் மறைக்கவுமில்லை. வட கரோலினாவும் ஜார்ஜியாவும் நிலத்தைக் கொடுக்கும்போதே தடை போடக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தன, அடிமைமுறை ஏற்கெனவே அங்கே இருந்தது என்று உரையிலேயே சொல்கிறார். அதிகாரமே இல்லாத இடத்தில் எதற்கு நிபந்தனை என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

1789-க்கு இரட்டை வேலை உண்டு. பிரதேசங்களில் அடிமைமுறையைக் காங்கிரஸ் தடுக்க முடியாது என்ற 1857 உச்ச நீதிமன்றத்தின் டிரெட் ஸ்காட் தீர்ப்பு, சொத்தை முறையான சட்ட நடவடிக்கை இன்றிப் பறிக்கக்கூடாது என்ற 5-ஆம் திருத்தத்தில் நின்றது. டக்ளஸ், மத்திய அரசுக்குத் தராத அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்ற 10-ஆம் திருத்தத்தைப் பிடித்தார். அந்தத் திருத்தங்களை முன்மொழிந்ததும் அதே முதல் காங்கிரஸ். பிரதேசச் சட்டத்தில் வாஷிங்டன் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 7, திருத்தங்களைக் காங்கிரஸ் நிறைவேற்றியது செப்டம்பர் 25. ஒரே சபையில் ஒரே நேரத்தில் இரண்டும் மேசைமேல் கிடந்தன. ஒன்றை ஒன்று தடுக்கும் என்று அந்த 76 உறுப்பினர்களுக்குத் தோன்றாதது 70 வருடம் கழித்து இவர்களுக்கு எப்படித் தோன்றியது என்று லிங்கன் கேட்டார். என் பார்வையில் உரையின் மிகப் பலமான இடம் அதுதான், 21 இல்லை.

ஆனைமலை:
ஒரு சின்னச் சந்தேகம். இந்த டக்ளஸ்தானே முன்னாள் அடிமை?

சட்டப்புழு:
இல்லை தம்பி. அவர் ஃபிரெட்ரிக் டக்ளஸ். இங்கே பேசுவது இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ், 1854-ல் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் கொண்டுவந்தவர். ஆங்கிலத்தில் ஒருவர் பெயரில் கடைசி எழுத்து இரட்டிக்கும். தமிழில் எழுதும்போது இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். முதல் பெயரோடு எழுதுவது நல்லது.

பழைய தபால்:
39 பேர் என்று வரையறுத்ததும் ஒரு முக்கியமான ஆள் வெளியே நின்றுவிடுகிறார். ஜெஃபர்சன் 1787-ல் பாரிசில் இருந்தார். சாசனத்தில் அவர் கையெழுத்து கிடையாது. ஆனால் லிங்கனின் சிந்தனைக்கு மூலதனம் அவரிடமிருந்துதான் வந்தது.

1859 ஏப்ரல் 6 தேதியிட்ட கடிதம் ஒன்று. ஜெஃபர்சன் பிறந்தநாள் விழாவுக்கு பாஸ்டன்காரர்கள் அழைத்தபோது எழுதியது. ஜெஃபர்சனை எதிர்த்த கூட்டாட்சிவாதிகளின் வாரிசுகள் பாஸ்டனில் அவருக்கு விழா எடுக்கிறார்கள், அவர் கட்சியின் வாரிசுகளோ அவர் பெயரையே உச்சரிப்பதை விட்டுவிட்டார்கள். இதைச் சொல்ல, பெரிய அங்கி போட்ட இரண்டு குடிகாரர்கள் கட்டிப்புரண்டு சண்டைபோட்டு, முடிவில் ஒருவர் அங்கிக்குள் மற்றவர் போய்ச் சேர்ந்த கதையை எடுத்துவிடுகிறார்.

அடுத்தது வடிவியல் எழுதிய பழைய கிரேக்கர் யூக்ளிட். ஜெஃபர்சனின் கொள்கைகள் சுதந்திர சமுதாயத்தின் வரையறைகளும் அடிகோள்களும் (நிரூபிக்காமல் ஏற்கும் அடிப்படை உண்மைகள்) என்கிறார். வாய்க்கு வந்த உவமை அல்ல அது. யூக்ளிடின் ஆறு புத்தகங்களைக் கிட்டத்தட்டத் தேர்ந்துவிட்டதாகத் தன் வாழ்க்கைக் குறிப்பிலேயே எழுதியவர். அடிகோளை நிரூபிக்க முடியாது. மறுத்தால் அதன்மேல் எதையும் கட்ட முடியாது.

1857 ஜூன் 26 ஸ்பிரிங்ஃபீல்ட் உரையில் இதற்கு உடம்பு வருகிறது. எல்லாரும் நிறத்திலும் அறிவிலும் சமம் என்று 1776 சுதந்திரப் பிரகடனக்காரர்கள் சொல்லவில்லை, சில பறிக்கமுடியாத உரிமைகளில் சமம் என்றார்கள். அது அன்றைக்கே நடைமுறையில் இருந்ததாகவும் சொல்லவில்லை. ஒரு அளவுகோலை நட்டுவைத்தார்கள். பிரிட்டனிலிருந்து பிரிய அந்த வாசகம் தேவையே இல்லை, பின்னால் பயன்படட்டும் என்றுதான் வைத்தார்கள் என்கிறார்.

1863 கெட்டிஸ்பர்க் உரையில் அவர் சொன்ன 87 ஆண்டைக் கழித்துப் பாருங்கள். 1863-ல் 87 போனால் 1776. நாடு பிறந்தது சாசனம் எழுதிய 1787-ல் அல்ல, பிரகடனம் வந்த ஆண்டில் என்பதை ஒரு கழித்தலில் வைத்துவிட்டார்.

முரண்:
பழைய தபால் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் அதே லிங்கன் 1858 செப்டம்பர் 18 அன்று சார்ல்ஸ்டன் மேடையில் (இல்லினாய் சார்ல்ஸ்டன்), வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் வேண்டும் என்பவன் நானில்லை என்று தெளிவாகச் சொன்னார். அதையும் முன்னோர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஜெஃபர்சனிடமிருந்து சமத்துவ வாசகம் மட்டும் வரவில்லை. விடுதலை செய், கையோடு வேறு தேசத்துக்கு அனுப்பு என்ற திட்டமும் வந்தது. அதை விக் கட்சித் தலைவர் ஹென்றி கிளே வழியாக லிங்கன் வாங்கிக்கொண்டார். கூப்பர் யூனியனிலேயே ஜெஃபர்சனின் அந்த வாசகத்தைப் படித்துக் காட்டுகிறார். 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்த சட்டத்தில் உரிமையாளருக்கு ஆளுக்கு 300 டாலர் வரை ஈடு. விரும்பி வெளியேறுவோருக்காகத் தனியாக 1,00,000 டாலர்.

கிளம்பியவர்கள் என்ன ஆனார்கள்? 1863-ல் சுமார் 450 பேர் ஹைட்டியை ஒட்டிய வாஷ் தீவுக்குப் போனார்கள். தங்க வீடு இல்லை, பெரியம்மை வேறு. ஒப்பந்தக்காரரை நம்பி விட்டதன் பலன். கப்பல் அனுப்பி, பிழைத்திருந்தவர்களை 1864 மார்ச்சில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு காங்கிரஸ் பணத்தையும் நிறுத்திவிட்டது.

சட்டப்புழு:
முன்னோரின் வாசகம் லிங்கன் கையில் எங்கே உதவியது, எங்கே சிக்கியது என்று பார்க்க 1861 ஏப்ரல் 15-ஐ விட நல்ல இடம் இல்லை. உள்நாட்டுப் போர் தொடங்கியதும், பிரிந்துபோன தென் மாநிலங்களை அடக்க 75,000 பேர் கொண்ட மிலிஷியாவை அழைக்கிறார். மிலிஷியா என்றால் மாநிலங்களின் குடிமக்கள் படை. அந்தப் பிரகடனத்தில் கலகக்காரர்களைப் பற்றி, சாதாரண நீதிமன்ற நடவடிக்கைகளாலும் மார்ஷல்களின் அதிகாரத்தாலும் அடக்க முடியாத அளவுக்குப் பலம் பெற்ற கூட்டங்கள் என்று எழுதுகிறார். அது அவர் வாசகம் அல்ல. 1795 மிலிஷியாச் சட்டத்தின் வாசகம். மதுவரியை எதிர்த்த 1794 விஸ்கிக் கலகத்தின்போது வாஷிங்டன் பயன்படுத்தியதும், அதற்கு முந்தைய 1792 சட்டத்தில் இருந்த இதே சொற்கள்தான்.

நடுவில் ஒரு மாற்றம். 1792 சட்டப்படி நிலைமை கைமீறிவிட்டது என்று ஒரு கூட்டாட்சி நீதிபதி சான்று தர வேண்டும். வாஷிங்டனுக்கு அதைத் தந்தவர் ஜேம்ஸ் வில்சன், 39 பேரில் ஒருவர். 1795-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்காவிட்டால், டிரெட் ஸ்காட் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி டேனி இருந்த நீதித்துறையிடம் லிங்கன் கையேந்த வேண்டியிருந்திருக்கும்.

சிக்கியது எங்கே? அதே சட்டம் ஒருவரை ஆண்டில் 3 மாதத்துக்கு மேல் வைத்திருக்க விடாது. 90 நாள் சிப்பாய்கள் என்ற பெயர் வந்தது அப்படித்தான். ஏப்ரலில் சேர்ந்தவர்களுக்கு ஜூலையில் கெடு முடிகிறது. ஜூலை 21 புல் ரன் சண்டை. அன்று காலையில் 4-ஆம் பென்சில்வேனியா படைப்பிரிவும் நியூயார்க்கின் ஒரு பீரங்கி அணியும், எதிரியின் குண்டுச் சத்தம் கேட்கக் கேட்க, கெடு முடிந்துவிட்டது என்று வீட்டைப் பார்த்து நடந்தன. சட்டப்படி அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் கெடு போதாது என்று தெரிந்துதான் மே 3 அன்றே 42,034 பேரை மூன்றாண்டுக்கு அழைத்தார். அதற்கு 1795 சட்டத்தில் இடமில்லை. படை திரட்டுவது காங்கிரசின் வேலை. பின்தேதியிட்டு ஆகஸ்டில் காங்கிரஸ் ஒப்புதல் கொடுத்தது. போரில் இறங்கும் அதிகாரம் ஒரு தனி ஆளிடம் இருக்கக்கூடாது என்றுதான் சாசன மாநாடு நினைத்தது என்று 1848-ல் தன் வழக்கறிஞர் தொழில் கூட்டாளி ஹெர்ன்டனுக்குக் கடிதம் எழுதியவரும் இவரேதான்.

ஆனைமலை:
அப்போ பொருளாதாரத்தில்? அங்கேயும் ஜெஃபர்சன்தானா?

கணக்கப்பிள்ளை:
அங்கே வாஷிங்டனின் நிதியமைச்சராக இருந்த ஹாமில்டன். தேசிய வங்கிச் சட்டம் 1863, பசிபிக் ரயில்வே 1862, பாதுகாப்புச் சுங்கவரி. வங்கியையும் சுங்கவரியையும் ஆதரித்த விக் கட்சியில் வளர்ந்தவருக்கு இது இயல்பு. கொள்கைக்கு ஜெஃபர்சன், கருவிக்கு ஹாமில்டன் என்று வைத்துக்கொள்ளலாம். 160 ஏக்கர் இலவச நிலம் தந்த குடியிருப்புச் சட்டம் மட்டும் ஜெஃபர்சனின் சிறு விவசாயிக் கனவுக்குக் கொஞ்சம் பக்கம்.

பழைய தபால்:
1787 வடமேற்குப் பிரதேசச் சட்டத்தின் 6-ஆவது பிரிவை 13-ஆம் திருத்தத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் குறைவு.

1787: "குறிப்பிட்ட பிரதேசத்தில் அடிமைத்தனமோ விருப்பமற்ற ஊழியமோ இருக்கக்கூடாது; முறைப்படி குற்றம் நிரூபிக்கப்பட்டவருக்கான தண்டனையாக அன்றி."

1865: "முறைப்படி குற்றம் நிரூபிக்கப்பட்டவருக்கான தண்டனையாக அன்றி, அடிமைத்தனமோ விருப்பமற்ற ஊழியமோ அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட எந்த இடத்திலோ இருக்கக்கூடாது."

இடம் மாறியது, வரிசை மாறியது, 1787 பிரிவின் கடைசியில் இருந்த, தப்பியோடியவரைத் திருப்பித் தரும் வால் அறுந்தது. மற்றபடி அதே எலும்பு. வாசகம் எழுதியது லிங்கன் அல்ல, டிரம்புல் தலைமையிலான செனட் நீதிக்குழு. 1864 கட்சி அறிக்கையில் அதைச் சேர்க்கவைத்ததும், 1865 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபையில் 119-க்கு 56 என்று நிறைவேற ஆள் பிடித்ததும் அவர் பங்கு.

சார்ல்ஸ் சம்னர் வேறு வாசகம் கேட்டார்: சட்டத்தின் முன் அனைவரும் சமம், பிரெஞ்சுப் பிரகடனத்தின் வழியில். மிச்சிகன் செனட்டர் ஹோவர்ட், நீதிமன்றங்களுக்கு ஏற்கெனவே பழகிய 1787 மொழியே போதும் என்று மறுத்தார். பழகிய மொழி வந்தது. கூடவே "தண்டனையாக அன்றி" என்ற விலக்கும் வந்தது. போருக்குப் பிறகு தென் மாநிலங்கள் கைதிகளைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் குத்தகைக்கு விட அந்த விலக்கே வழிவிட்டது.

முரண்:
ஒப்புக்கொள்கிறேன். சம்னர் தோற்றது பெரிய இழப்பு. சமத்துவ வாசகம் 14-ஆம் திருத்தம் வரை, 1868 வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

தென்கரை:
1787 சட்டத்துக்கு நடைமுறையில் பல் இருந்ததா? இல்லினாய் அடிமைமுறை இல்லாத மாநிலமானது அங்குள்ள மக்களால், அந்தச் சட்டத்தால் அல்ல என்பது ஸ்டீபன் டக்ளஸின் நிலை.

பழைய தபால்:
லிங்கன் 1859-ல் கொலம்பஸ் உரையில் அதற்கு இல்லினாயையும் மிசௌரியையும் ஒப்பிட்டுப் பதில் சொன்னார். நடுவில் மிசிசிப்பி ஆறுதான். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் குடியேறி மாநிலமானவை. ஒன்றில் அந்தச் சட்டம் இருந்தது, மற்றதில் இல்லை.

ஆனால் ஸ்டீபன் டக்ளஸ் சொன்னதில் பாதி உண்மை உண்டு. சட்டம் இருந்தும் பழைய பிரெஞ்சுக் குடியேறிகளின் அடிமைகள் அப்படியே இருந்தார்கள், ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் புதிதாகவும் கொண்டுவந்தார்கள். 1824-ல் இல்லினாயின் மாநிலச் சாசனத்தைத் திருத்தி அடிமை மாநிலமாக்க மாநாடு கூட்டலாமா என்று வாக்கெடுப்பே நடந்தது. 4,972 பேர் மாநாடு வேண்டும் என்றும் 6,640 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தார்கள்.

எதிர்ப்பக்கத்தை முன்னின்று நடத்திய ஆளுநர் எட்வர்ட் கோல்ஸ், மேடிசனிடம் அந்தரங்கச் செயலாளராக இருந்த வர்ஜீனியாக்காரர். 1814-ல் அவர் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதி, விடுதலைக்கு நீங்கள் முன்னே வாருங்கள் என்று கேட்டார். எனக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்கள் வேலை, நீயும் உன் அடிமைகளை விட்டுப் போகாதே என்று பதில் வந்தது. கோல்ஸ் 1819-ல் தன் ஆட்களைப் படகில் ஏற்றி, ஒஹையோ ஆற்றின் நடுவில் வைத்து விடுவித்து, இல்லினாயில் குடும்பத்துக்கு 160 ஏக்கர் எழுதிக் கொடுத்தார். லிங்கன் குடும்பம் மாட்டுவண்டியில் அந்த மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது 1830-ல், வாக்கெடுப்பு முடிந்து ஆறு வருடம் கழித்து.